சாப்பாடும் குடல் அழற்சியும்: மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியது

(சென்ற மாதம் நம் குடியிருப்பு கிளப் ஹவுஸில் நடந்த மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் பலர் கேட்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது "குடல் ஆரோக்கியம் பற்றிச் சிறப்புரை" என்றார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பேங்கில் கிளார்க்காக இருந்தவன். அப்படியிருக்க இந்தத் தலைப்பில் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கை கணவருக்கு ஒன்பது வருஷமாகப் பெருங்குடலில் அழற்சி நோய். ஃபைல் தூக்கிக்கொண்டு அவருடன் டாக்டரிடம் போவது என் வேலை. டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்வேன். புரியாததை வீட்டுக்கு வந்து தேடிப் படிப்பேன். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அப்படிச் சேர்த்தவைதான். அவரைப் பற்றிப் பேச அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வயிறு உப்புசம், வாயு, ஒருநாள் பேதி ஒருநாள் மலச்சிக்கல் என்று நம்மில் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வகைக்கு ஐ.பி.எஸ். என்று பெயர். போலீஸ் அதிகாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதில் குடல் சரியாக இயங்காது, ஆனால் உள்ளே புண் இருக்காது. நான் பேச வந்தது ஐ.பி.டி. பற்றி. அதில் குடலின் உட்சுவரே சிவந்து, வீங்கி, புண்ணாகிவிடும். பெருங்குடலில் மட்டும் வந்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது க்ரோன் நோய். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் இதை விவரித்த டாக்டர்களில் பர்ரில் க்ரோன் ஒருவர். அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது.

இது பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். ஆனாலும் அறுபதுக்கு மேல் முதன்முறையாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். மலத்தில் ரத்தம் வந்தால் "மூலமாக இருக்கும்" என்று நாமே முடிவு கட்டி, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பது நம் தலைமுறையின் வழக்கம். என் தங்கை கணவரும் ஏழு மாதம் மூலத்துக்கான களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் கலந்து போவது, பல வாரம் நிற்காத பேதி, தூக்கத்திலிருந்து எழுப்பிப் போக வைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. குடலுக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூடியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். தேவைப்பட்டால் அடுத்தது கொலோனோஸ்கோபி.

சரி, இதில் சாப்பாட்டுக்கு என்ன பங்கு?

நம் பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. நமக்கும் அவற்றுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசைச் செல்கள்தான். அந்தச் செல்களின்மேல் வழவழப்பான ஒரு சளிப்படலம் பூசியிருக்கும். அதுதான் மதில். பாக்டீரியாக்கள் மதிலுக்கு வெளியே இருக்கும்வரை வம்பில்லை. மதில் மெலிந்து அவை சுவரையே தொட்டுவிட்டால் உடம்பு சண்டைக்குக் கிளம்பிவிடும். அந்தச் சண்டைதான் அழற்சி.

நாம் சாப்பிடும் அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல்வரை போய்ச் சேர்வது நார்ச்சத்தும், ஜீரணமாகாத கொஞ்சம் மாவுச்சத்தும்தான். பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் முக்கியமானது பியூட்டிரேட். நம் உடம்பின் மற்ற செல்கள் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து சாப்பிடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் மட்டும் தமக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. நாம் நார்ச்சத்து சாப்பிட்டால்தான் அந்தச் செல்களுக்குச் சாப்பாடு. அழற்சியை அடக்கி வைப்பதிலும் இதே பியூட்டிரேட்டுக்குப் பங்கு உண்டு.

நார்ச்சத்து வராவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடந்து செத்துப்போகுமா? போகாது. 2016-ல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. நார்ச்சத்து இல்லாத தீனி போட்டபோது, அந்த எலிகளின் குடலில் இருந்த பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே அரித்துத் தின்ன ஆரம்பித்தன. மதில் மெலிந்தது. அந்த நிலையில் நோய்க்கிருமி ஒன்றை உள்ளே விட்டபோது எலிகளுக்குக் கடுமையான குடல் அழற்சி வந்தது. வீட்டுக்காரர் சோறு போடாததால் வாடகைக்காரர் சுவரைப் பெயர்த்துத் தின்றதுபோல!

இதெல்லாம் எலிக்கு, மனிதனுக்கு எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் சொல்லித்தான் 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். இன்று வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஓகீஃப் என்ற டாக்டர் இருக்கிறார். அந்த ஆய்வு சொன்ன கணக்குப்படி, அப்போது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பெருங்குடல் புற்றுநோய் லட்சத்துக்குச் சுமார் 65 பேருக்கு வந்தது. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் அது லட்சத்துக்கு 5 பேருக்கும் குறைவு. இரண்டு கூட்டத்தாரும் ஆப்பிரிக்க வம்சாவளிதான். அப்படியானால் வித்தியாசம் சாப்பாட்டிலா என்று பார்க்க, ஓகீஃபும் அவருடைய குழுவும் ஓர் எளிய காரியம் செய்தார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து 20 பேர், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கிராமப்புறத்திலிருந்து 20 பேர் எடுத்தார்கள். எல்லாரும் 50 முதல் 65 வயதுக்காரர்கள், அதாவது நம் வயதை ஒட்டியவர்கள். இரண்டு வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும், அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே போய்த் திருட்டுத்தனமாக எதையும் தின்றுவிடாதபடி, தங்க வைத்துச் சமைத்துப் போட்டார்கள்.

அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளப் பண்டங்கள், காராமணி, வெண்டைக்காய், கீரை, மாம்பழம் எல்லாம் போட்டார்கள். நாளுக்கு 14 கிராமாக இருந்த நார்ச்சத்து 55 கிராம் ஆனது. கொழுப்பிலிருந்து வரும் சக்தி 35 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. தென்னாப்பிரிக்கக் கிராமத்தாருக்கு பான்கேக், மாட்டிறைச்சி சாசேஜ், பர்கர், உருளைக்கிழங்கு வறுவல். அவர்களுடைய நார்ச்சத்து 66 கிராமிலிருந்து 12 கிராமாக விழுந்தது. முன்னும் பின்னும் எல்லாருக்கும் கொலோனோஸ்கோபி செய்து, குடல் சுவரிலிருந்து துளித் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள்.

பதினான்கு நாள்தான். அமெரிக்கர்களின் குடல் சுவரில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்திருந்தன. பியூட்டிரேட் இரண்டரை மடங்கு கூடியிருந்தது. கிராமத்தாருக்கு அப்படியே தலைகீழ். அழற்சி கூடியது, பியூட்டிரேட் பாதியாகியது. குடலுக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஒருவகைப் பித்த அமிலங்கள் அமெரிக்கர்களுக்கு 70 சதவீதம் குறைந்தன, கிராமத்தாருக்கு 400 சதவீதம் ஏறின.

பேங்கில் இருந்தவனுக்கு எந்தக் கணக்கிலும் சந்தேகம் வரும். இருபது இருபது பேர் என்பது சின்னக் கணக்கு. இரண்டு வாரத்தில் யாருக்கும் நோய் வரவும் இல்லை, போகவும் இல்லை. மாறியது அடையாளங்கள் மட்டும்தான். நார்ச்சத்து கூடியதா, கொழுப்பு குறைந்ததா, எது காரணம் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் "இந்த வயதுக்கு மேல் சாப்பாட்டை மாற்றி என்ன ஆகப்போகிறது" என்று நம்மில் பலர் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பேச்சுக்கு இது நல்ல பதில். அறுபது வயதுக் குடல்கூட இரண்டே வாரத்தில் பதில் சொல்கிறது. நல்லதுக்கும் சொல்கிறது, கெட்டதுக்கும் சொல்கிறது.

நம் தட்டைக் கொஞ்சம் பார்ப்போம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. காலையில் நான்கு இட்லி, மதியம் சாதம், குழம்பு, அப்பளம், இரவு மூன்று தோசை என்று நாள் ஓடினால், வயிறு நிறையும், 25 வராது. ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம் இருக்கிறது. வேகவைத்த கீரை ஒரு கப்பில் ஏறக்குறைய 4 கிராம். நூறு கிராம் கொய்யாவில் 5 கிராம். ஒரு சுண்டல், ஒரு கீரை, ஒரு கொய்யா என்று கூட்டினாலே 21 வந்துவிடுகிறது. இதற்கு வெளிநாட்டு விதைகள் எதையும் ஆன்லைனில் ஆர்டர் செய்ய வேண்டியதில்லை.

இனி குடலுக்குக் கெடுதலாக உள்ளே போவது எது என்று பார்ப்போம். 2021-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,087 பேரைக் கிட்டத்தட்ட பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 467 பேருக்கு ஐ.பி.டி. வந்தது. பாக்கெட்டில் அடைத்த தின்பண்டம், பிஸ்கட், குளிர்பானம், பதப்படுத்திய இறைச்சி இவற்றை நாளுக்கு ஐந்து முறைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து 1.82 மடங்கு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். மொத்தத்தில் வந்ததே ஆயிரத்துக்கு நாலு பேருக்குத்தான். எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. பதப்படுத்தாத இறைச்சி, பால், மாவுப் பொருள், பழம், காய்கறி, இவற்றுக்கும் இந்த நோய் வருவதற்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. நம் ஊரில் சைவம், அசைவம் என்று நடக்கும் சண்டைக்கு அதில் இடமே இல்லை. ஆலையில் என்ன செய்தார்கள் என்பதுதான் அங்கே கணக்கு.

ஆலையில் என்ன சேர்க்கிறார்கள்? எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சில பொருள்கள் சேர்ப்பார்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் ஒன்று, பாலிசார்பேட் 80 மற்றொன்று. இவை எலிகளின் சளிப்படலத்தை மெலிய வைத்து, அழற்சியைத் தூண்டின என்று 2015-ல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. பிறகு 2022-ல், ஆரோக்கியமான 16 பேரைத் தங்க வைத்து, அவர்களில் ஒரு பாதிக்கு 11 நாள் தினமும் 15 கிராம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கொடுத்தார்கள். யாருக்கும் அழற்சி நோய் வரவில்லை. ஆனால் குடலில் நல்ல அமிலங்கள் குறைந்தன. இரண்டு பேருக்கு பாக்டீரியாக்கள் மதிலுக்குள் நெருங்கி வந்திருந்தன. 15 கிராம் என்பது யாரும் சாதாரணமாகச் சாப்பிடாத அளவு. அதையும் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 466 என்று இருந்தால் அது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். 433 என்றால் பாலிசார்பேட் 80. லோன் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் முப்பது வருஷம் மன்றாடியவன் நான். இப்போது ஐஸ்கிரீம் டப்பாவைப் படிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பேரனுக்கு மாதம் ஒருமுறை வாங்கிக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

கொழுப்பிலும் வகை உண்டு. 2012-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், பரம்பரையாகவே குடல் அழற்சிக்கு வாய்ப்புள்ள எலிகளுக்குப் பால் கொழுப்பு அதிகமுள்ள தீனி கொடுத்தார்கள். பித்தத்தின் தன்மை மாறி, அதை விரும்பும் ஒரு பாக்டீரியா பெருகி, அழற்சி கூடியது. அதே அளவு தாவர எண்ணெய்க் கொழுப்பு கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. பி பிளாக்கில் யாரோ இப்போதே நெய் டப்பாவைத் தள்ளி வைக்க யோசிப்பது முகத்தில் தெரிகிறது. அந்த எலிகள் தனி ரகம். ஒரு ஸ்பூன் நெய் பற்றிய ஆய்வும் அது இல்லை.

புளித்த உணவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்துப் பத்து வாரம் சாப்பிட வைத்தார்கள். ஒரு பிரிவுக்கு நார்ச்சத்து, மறு பிரிவுக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரியான புளித்த உணவுகள். புளித்த உணவுப் பிரிவுக்கு ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் எல்லாருக்கும் அப்படி ஒரேமாதிரி குறையவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம். குடலில் பலவகை பாக்டீரியா ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நார்ச்சத்து நன்றாக வேலை செய்தது, இல்லாதவர்களுக்குத் தடுமாறியது. ஆகவே நாளைக் காலையிலிருந்து திடீரென்று நார்ச்சத்தை இரண்டு மடங்காக்காதீர்கள். வாயுவும் வலியும்தான் மிஞ்சும். வாரத்துக்கு ஒன்றாக, மெதுவாகக் கூட்டுங்கள். கூடவே மோர், தயிர். இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் அந்தக் கிருமிகள் செத்துவிடும். எண்ணெயில் ஊறும் கடை ஊறுகாயையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பழைய சோறு? எப்படியும் கேட்பீர்கள். சோறு ஆறும்போது அதில் ஒரு பங்கு மாவுச்சத்து எளிதில் ஜீரணமாகாத வகைக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். இரவு ஊறிய நீரில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் வளர்ந்திருக்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய எடுத்துக்கொண்டார்கள். அது வந்ததும் வந்தது, "பழைய சோறு குடல் நோயைக் குணமாக்கும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆராய எடுத்துக்கொள்வதும் மருந்தை நிறுத்தச் சொல்வதும் ஒன்றா?

இதைச் சொல்லத்தான் நான் இன்று மேடைக்கு வந்தேன்.

என் தங்கை கணவருக்கு மெசலமைன் மாத்திரை. இரண்டரை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை. அப்போது உணவாலேயே எல்லாவற்றையும் குணமாக்குவதாகச் சொல்லும் ஒருவரிடம் யாரோ அழைத்துப்போனார்கள். பெயர் வேண்டாம். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு, தோலோடு சிறுதானியம், காலையில் கீரைச் சாறு என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அந்தப் பட்டியலைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இவ்வளவு நேரம் நான் பேசிய நார்ச்சத்துதானே! நாலாவது வாரம் ரத்தம் போக ஆரம்பித்தது. "நச்சு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்றார் அவர். ஆறாவது வாரம் மாப்பிள்ளை பாத்ரூமில் மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் 7.4. பதினொரு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு பாட்டில் ரத்தம், ஸ்டீராய்டு. அந்த பதினொரு நாளும் என் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். மதில் முழுதாக இருக்கும்போது நார்ச்சத்து அதைக் காக்கும். மதில் இடிந்து புண்ணாகக் கிடக்கும்போது முரட்டு நாரும், தோலும், விதையும் வலியையும் பேதியையும் கூட்டும். புண்ணை ஆற்றுவது மருந்தின் வேலை. அதுவரை குழைந்த சாதம், அரிசிக் கஞ்சி, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, இட்லி, தோல் சீவி வேகவைத்த கேரட், முட்டை, பழுத்த வாழைப்பழம். புண் ஆறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் மூன்று மாதத்தில் கீரைக்கும் சுண்டலுக்கும் திரும்பினார். மாத்திரை மட்டும் தொடர்கிறது.

க்ரோன் நோயில் இன்னொரு சிக்கல். பழைய புண் ஆறிய இடத்தில் குடல் குறுகிப்போகலாம். அங்கே நார் சிக்கினால் அடைப்பு. அவர்களும் காய்கறியை அடியோடு விட வேண்டியதில்லை, நன்றாக வேகவைத்து, மசித்து, மென்று சாப்பிடலாம் என்று அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2024-ல் வெளியிட்ட ஆலோசனையில் இருக்கிறது. நோய் அடங்கியிருப்பவர்களுக்கு அவர்கள் சொல்வது காய்கறி, பழம், பருப்பு, நல்ல எண்ணெய் நிறைந்த சாப்பாடு. கேட்க நம் பாட்டி சொன்னதுபோலத்தான் இருக்கிறது.

சாப்பாடே மருந்தாகும் இடமும் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. க்ரோன் நோய் வந்த குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவும் கொடுக்காமல், சத்துகள் அளந்து கலந்த திரவ உணவு மட்டும் கொடுத்து அழற்சியை அடக்குகிறார்கள். ஸ்டீராய்டு இல்லாமலே பலருக்குக் குடல் ஆறிவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், அந்தத் திரவத்தில் பெரும்பாலும் நார்ச்சத்தே கிடையாது. எதைச் சேர்க்கிறோம் என்பதோடு எதை விலக்குகிறோம் என்பதும் வேலை செய்கிறது போலும். அதுவும் டாக்டரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்து, எடை பார்த்து, ரத்தம் சோதித்துச் செய்வது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு அதே முறை அப்படிப் பலிப்பதில்லை. பெயர் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒருவர் பட்டியலை இன்னொருவர் வாங்கிக்கொள்ளக் கூடாது.

பேச்சு முடிந்ததும் சிலர் கேட்ட கேள்விகளையும் இங்கே சேர்க்கச் சொன்னார் இதழாசிரியர்.

மூட்டு வலி மாத்திரைக்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். உண்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை குடல் சுவரைப் புண்ணாக்கக்கூடியவை. ஐ.பி.டி. உள்ளவர்களுக்கு நோயைக் கிளப்பியும் விடலாம். கால்ப்ரொடெக்டின் அளவையும் ஏற்றிக் காட்டலாம். பரிசோதனைக்குப் போகும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று எழுதிக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து எழுதுங்கள்.

சுண்டல் சாப்பிட்டால் வாயு வருகிறதே என்றார் இன்னொருவர். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு டேபிள் ஸ்பூன் போதும். பெருங்காயமும் இஞ்சியும் தாராளமாகப் போடலாம். அவை வாயுவை எந்த அளவு அடக்குகின்றனவோ, சுண்டலுக்கு ருசி கூடுவது நிச்சயம்.

நம் சந்திப்புகளில் கொடுக்கும் கிரீம் பிஸ்கட்டையும் பாக்கெட் சிப்ஸையும் மாற்றலாமா என்று செயலாளரே கேட்டார். அடுத்த மாதம் முதல் பாசிப்பயறு சுண்டலும் மோரும் என்று அங்கேயே கைதூக்கி முடிவானது. ஊறவைத்து வேகவைக்கும் பொறுப்பை சி பிளாக் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐ.பி.டி. உள்ளவர்களோ, டாக்டர் நார்ச்சத்தைக் குறைக்கச் சொன்னவர்களோ முன்கூட்டியே சங்க அலுவலகத்தில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு மட்டும் இட்லி தனியாக வரும். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள்.